பெயிண்ட்டும் பிளாஸ்டிக்கும் பங்காளிங்க ஸார்!

கம்ப்யூட்டர் நம் ஆபீஸ்களுக்குள் புதிதாக நுழைந்த நாட்களில் ஒரு ஜோக் மேஜைக்கு மேஜை சுற்றி வந்தது.

''இந்த லெட்டரை நம்ம ஹெட்கிளார்க்தான் அடிச்சார்னு எப்படிக் கண்டுபிடிச்சே?''

''ஸ்க்ரீன்ல வொய்ட்னர் பூசியிருக்கே!''

சிரித்தாயிற்றா? சரி, அந்த வொய்ட்னரை ஸ்க்ரீனிலிருந்து எப்படி எடுப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். பிளேடு? தின்னர்? பக்கத்து ஸீட் அம்மணியின் நெயில் பாலீஷ் ரிமூவர்? சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது, இல்லையா?

வொய்ட்னரும் ஒரு பெயிண்ட்தான். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து பாங்க் ஒன்றில் செக்ரட்டரியாக இருந்த பெட்டி நெஸ்மித் கிரஹாம் என்ற பெண்மணி, டைப்ரைட்டரில் விழும் தப்புகளை மறைக்க வெள்ளை டெம்பரா பெயிண்ட்டைக் குட்டி பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தார். 1956-ல் அதையே விற்கத் தொடங்கி, 1979-ல் தன் கம்பெனியை ஜில்லெட்டுக்கு 4 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். பெயிண்ட்டைப் பூசிக் கோடீஸ்வரி ஆனவர் உண்டு. பெயிண்ட்டை எடுக்கப் போய் சம்பளத்தைத் தொலைத்தவரும் உண்டு. இரண்டாவது ரகத்தை நான் நேரில் பார்த்தேன்.

பூஜைக்கு முந்தின வாரம்

2023 அக்டோபர். ஆயுத பூஜை ஒரு திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின வாரக் கடைசியில், லீவு நாளாகப் பார்த்து ஆபீஸுக்கு பெயிண்ட் அடித்தார்கள். சுவருக்கு எமல்ஷன், ஜன்னல் கிரில்லுக்கு எனாமல். மானிட்டர்களின் மேல் தினசரிப் பேப்பரைப் போர்த்தியிருந்தார்கள். சீக்கிரம் காயட்டும் என்று யாரோ ஃபேனைப் போட்டார்கள். பேப்பர் பறந்தது. ரோலர் சுழன்றது. மறுநாள் ஞாயிறு, யாரும் வரவில்லை. திங்கள் காலை வந்து பார்த்தால் 12 மானிட்டர்களுக்கு அம்மை போட்டிருந்தது.

''பத்து மணிக்குள்ள துடைச்சு வை'' என்று ஜூனியர் பையன் ஒருவனிடம் சொல்லிவிட்டு மேலதிகாரி காபிக்குப் போனார். எதால், எப்படி என்று சொல்லவில்லை. பையன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. காண்ட்ராக்ட் வேலை, சம்பளம் 16,000. 'முடியாது, தெரியாது' என்று சொல்கிற தைரியம் நாலு மாச சர்வீஸில் யாருக்கு வரும்? நெயில் பாலீஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தான்.

பெயிண்ட் போயிற்று. சந்தோஷமாக அடுத்த புள்ளிக்கு நகர்ந்தான். திரும்பிப் பார்த்தபோது முதல் புள்ளி இருந்த இடத்தில், நாலணா அகலத்துக்கு, பனி மூடின கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தான். போகவில்லை. ஊதினான். போகவில்லை. அழ ஆரம்பித்தான்.

மானிட்டர் விலை 8,200 ரூபாய். மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். 'எப்படித் துடைக்கணும்னு சொல்லாம துடைக்கச் சொன்னவருக்கும் இதுல பங்கு உண்டே' என்று நான் எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மாசமும் அவன் மத்தியானம் ஓட்டலுக்கு வரவில்லை. டிபன் பாக்ஸ்தான், அதில் தினமும் தயிர் சாதம்தான். 'வயிறு சரியில்லண்ணே' என்பான். அவன் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அந்தத் தயிர் சாதம்தான்.

ஏன் அப்படி ஆச்சு?

அந்தக் கால மானிட்டர் ஞாபகம் இருக்கிறதா? முதுகில் மூட்டை சுமந்தபடி, மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே... அதன் முகம் கனமான கண்ணாடி. பெயிண்ட் பட்டால் பிளேடால் சுரண்டலாம், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம், கண்ணாடி கண்டுகொள்ளாது. ஆபீஸ் பெரியவர்கள் இன்றைக்கும் 'பிளேடு போடுப்பா' என்று யோசனை சொல்வது அந்தக் கால அனுபவத்தில்தான். யோசனையில் குற்றமில்லை. ஆள் மாறிவிட்டான், அவ்வளவுதான்.

இன்றைய சாதாரண ஆபீஸ் மானிட்டரில் உங்கள் விரல் படுகிற மேல்பரப்பு பிளாஸ்டிக் படலம். ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிர விடுகிற போலராய்டு வடிகட்டி அது. அயோடின் ஏற்றி இழுத்து நீட்டப்பட்ட ஒரு மெல்லிய படலம் நடுவில் சாம்பார் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் இட்லி மாதிரி இரண்டு பாதுகாப்புப் படலங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் இந்த இட்லி, செல்லுலோஸ் ட்ரை அசிட்டேட். பழைய காமிராவில் போடுவோமே ஃபிலிம் சுருள், அதற்கும் இதே சரக்குதான். அதன் தலையில், வெளிச்சம் பளிச்சென்று முகத்தில் அடிக்காமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்போடு ஒரு பூச்சு. ஸ்க்ரீன் மங்கலாக, மேட் ஃபினிஷில் தெரிவது இந்தப் பூச்சின் புண்ணியம்.

இந்தப் பூச்சின் கெட்டித்தனத்தைப் பென்சிலை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஹெச்.பி., 2ஹெச், 3ஹெச் என்று டிராயிங் கிளாஸில் வாங்குவோமே, அதே பென்சில்! சாதாரண மானிட்டர்கள் 2ஹெச், 3ஹெச் பென்சில் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பிளேடு எங்கே, பென்சில் எங்கே?

இனி பெயிண்ட்டுக்கு வருவோம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள். தண்ணீர் ஆவியாகப் போனதும் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். நெயில் பாலீஷ், நைட்ரோ செல்லுலோஸ் என்கிற இன்னொரு பிளாஸ்டிக். ஆக, காய்ந்த பெயிண்ட்டும் பிளாஸ்டிக், கீழே இருக்கிற ஸ்க்ரீனும் பிளாஸ்டிக். இரண்டும் பங்காளிகள்! ஒருத்தன் வீட்டில் தீ வைத்தால் அடுத்தவன் கூரையும் சேர்ந்துதான் எரியும். பெயிண்ட்டைச் சட்டென்று கரைக்கிற திரவம் ஸ்க்ரீனையும் சட்டென்று பதம் பார்க்கும். நெயில் பாலீஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் செய்தது அதைத்தான். 'அசிட்டோன் இல்லாதது' என்று லேபிள் ஒட்டி வருகிறதே என்றால், பெரும்பாலும் அதில் இருப்பது எத்தில் அசிட்டேட். அவன் இவனுக்கு அண்ணன்!

மேஸ்திரி சொன்ன டம்ளர் பாடம்

மீதி 11 மானிட்டர் இருந்தது. அதற்கான பணத்தை பெயிண்ட்டர்கள் கூலியில் பிடிப்பதாக காண்ட்ராக்டரிடம் பேச்சு. சாயங்காலம் மேஸ்திரி வாசலில் நின்றார். அறுபது வயசு இருக்கும். முழங்கை வரை பெயிண்ட், முகத்தில் ஈயாடவில்லை.

''தின்னர் வேணாம் மேஸ்திரி'' என்றேன் நான் முன்னெச்சரிக்கையாக.

''அது எனக்குத் தெரியாதா சார்? தின்னரை இந்த யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் கப்புல ஊத்தி வெச்சா, கொஞ்ச நேரத்துல கப்பு அடி கொழகொழன்னு ஆயி தரையில ஓடிடும். அதனால நாங்க தகர டப்பாதான் வெச்சுக்குவோம். டிவிக்கும் அதான சார் கதி?''

கெமிஸ்ட்ரி புஸ்தகம் அரை அத்தியாயத்தில் சொல்வதை அந்த மனுஷர் ஒரு டம்ளரில் சொல்லிவிட்டார். காலையிலேயே இவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 8,200 ரூபாய் மிச்சம். ஆனால் ஆபீஸில் யார் பெயிண்ட்டரைக் கேட்கிறார்கள்?

அவரும் நானும் பையனுமாக உட்கார்ந்தோம். செலவு நூறு ரூபாய்க்குள். பாட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். மெடிக்கல் ஷாப்பில் ஆல்கஹால் ஸ்வாப் ஒரு கட்டு, அதாவது ஊசி போடும் முன் நர்ஸம்மா கையில் தேய்க்கிற ஜில்லென்ற துண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் இனாமாகத் தந்த மைக்ரோஃபைபர் துணி என் டிராயரிலேயே இருந்தது. பல வருஷம் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆன பழைய வேட்டி ஒன்று மேஸ்திரி கொண்டுவந்தார்.

செய்த விதம், வரிசையாக...

ஒன்று: ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினோம். லேப்டாப் என்றால் முழுசாக ஷட் டவுன். சூடு ஆறட்டும். கறுப்புத் திரையில் புள்ளிகள் பளிச்சென்று தெரியும் என்பது உபரி லாபம்.

இரண்டு: தொடுவதற்கு முன் தூசு. பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரில் பட்டி பூசி உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கிறார்கள் அல்லவா? அந்த மாவு ஸ்க்ரீனிலும் படிந்திருக்கும். அதோடு துணியைப் போட்டு இழுத்தால் ஸ்க்ரீனுக்கும் உப்புக் காகிதம் போட்ட கணக்கு. மெத்தென்ற பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தட்டிவிட்டோம்.

மூன்று: மேஜையில் டவலை விரித்து மானிட்டரை மல்லாக்கப் படுக்க வைத்தோம். நிற்க வைத்து வேலை செய்தால் ஈரம் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். அங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் இணைப்புகளும், போலராய்டு படலத்தின் ஓரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் தண்ணீர் ஆகாது.

நான்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு குழந்தைகள் ஷாம்பு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விழும், அப்புறம் அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். வேட்டித் துணியை ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழித்து, நனைத்து, நன்றாகப் பிழிந்து, புள்ளியின் மேல் வைத்தோம். காய்ச்சலுக்கு நெற்றியில் பற்று போடுகிற மாதிரி. ஐந்து நிமிஷம். உலர்ந்தால் மறுபடி நனைத்து இன்னொரு ஐந்து நிமிஷம். திரவம் எப்போதும் துணியில்தான், ஸ்க்ரீனில் நேரடியாக ஊற்றுவதோ ஸ்ப்ரே அடிப்பதோ கிடையாது.

ஐந்து: எமல்ஷன் ஊறி மெத்தென்று ஆகும். அப்போது விரல் நகத்தின் மேல் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, புள்ளியின் ஓரத்தில் படுக்கை வாட்டமாக நெம்ப வேண்டும். கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. அப்பளத்தில் எண்ணெய் ஒற்றுகிற அழுத்தம் போதும். ஓரம் எழும்பினால் மீதி தோலாக உரிந்து வரும். வராவிட்டால் மறுபடி பற்று. கோபப்படக் கூடாது.

ஆறு: அப்படியும் விடாக்கண்டனாக ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஆல்கஹால் ஸ்வாப். அதில் இருப்பது 70 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மீதி தண்ணீர். எமல்ஷனை இளக்கும், அசிட்டோன் மாதிரி ஸ்க்ரீனைத் தின்னாது. என்றாலும் முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் லேசாகத் தொட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, மங்கல் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்புறம் புள்ளியின் மேல் பத்து செகண்ட் ஒற்றல், உடனே ஈரத் துணியால் துடைப்பு. உங்கள் மானிட்டரின் கையேட்டில் 'ஆல்கஹால் கூடாது' என்று போட்டிருந்தால் இந்தப் படியே கிடையாது, ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இது தீப்பற்றுகிற சமாசாரம். பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி, சூடத் தட்டு எதுவும் ஆகாது.

ஏழு: கடைசியாக வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. அரைமணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்ச்.

பதினொன்றையும் முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு டீ, ஒரு தட்டு பஜ்ஜி. பத்து மானிட்டர் கன்னத்தில் பரு மறைந்த மாதிரி பளபள! பையன்தான் முக்கால்வாசியும் செய்தான். கை நடுக்கம் மூன்றாவது மானிட்டரில் நின்றது.

பதினோராவது மானிட்டர்

அதில் விழுந்திருந்தது ஜன்னல் கிரில்லுக்கு அடித்த எனாமல். இது வேறு ஜாதி. எமல்ஷன் மாதிரி வெறுமனே தண்ணீர் விட்டுக் காய்வதில்லை. காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனை இழுத்து, உள்ளுக்குள்ளே வலை மாதிரிக் கோர்த்துக்கொண்டு இறுகுகிறது. ஈரமாக இருக்கும்போது டர்பன்டைன் கரைக்கும். இறுகின பிறகு அதற்கு அசையாது, வீரியமான ரிமூவர்தான் வேண்டும். அந்த ரிமூவர் ஸ்க்ரீனுக்கு எமன். டர்பன்டைன், மண்ணெண்ணெய்கூட மானிட்டரின் பிளாஸ்டிக் சட்டத்தில் விரிசல் விட வைக்கக்கூடும். எனவே எனாமலுக்கு ஒரே வழி நகம்தான். ஓரத்தில் நெம்பி, பொடிப்பொடியாக உதிர்ப்பது.

பாதி உதிர்ந்தது. கடுகளவு ஒரு மிச்சம் மட்டும் வலது மூலையில் அசையமாட்டேன் என்றது. பையன் ஸ்வாப்பை எடுத்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்தார்.

''விட்ருப்பா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். கடுகை எடுக்கப் போயி எலுமிச்சம்பழம் ஆயிடும்.''

விட்டுவிட்டோம். ஆயுத பூஜையன்று அந்த மானிட்டரின் ஸீட்டுக்காரம்மா மிகச் சரியாக அந்தக் கடுகின் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் இட்டுவிட்டார். ஐந்து நாள் அது தெய்வ கடாட்சமாக விளங்கியது. ஆறாவது நாள் சந்தனம் உதிர, கடுகு மறுபடி தெரிய, அதற்குள் எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. (சந்தனத்தையும் சட்டத்தில் வையுங்கள் தாயே, ஸ்க்ரீனில் வேண்டாம். காய்ந்த சந்தனமும் தூளாகி உரசும்!)

மற்ற உறவினர்கள்

நெயில் பாலீஷ், வொய்ட்னர் இரண்டுக்கும் எனாமலுக்குச் சொன்னதே. முதலில் பற்று, பிறகு துணி சுற்றிய நகம். பெரும்பாலும் தோலாகவோ சில்லாகவோ வரும். அழியாத மார்க்கர் பேனாவால் ஸ்க்ரீனில் அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்திவிட்டார்களா? அதற்கு ஆல்கஹால் ஸ்வாப் நன்றாகக் கேட்கும், அதே மூலைப் பரீட்சைக்குப் பிறகு.

செல்போன், ஐபேட், டச் ஸ்க்ரீன் லேப்டாப் வைத்திருப்பவர்கள் 'எனக்குக் கண்ணாடிதானே' என்று பிளேடைத் தூக்க வேண்டாம். கண்ணாடிதான். ஆனால் அதன் மேலும் விரல் ரேகை ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கிறது. உங்களுடையது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்குச் செய்கிற மரியாதை கண்ணாடிக்குக் கெடுதல் செய்யாது.

அருகில் சேர்க்கக் கூடாதவர்கள்

அசிட்டோன், தின்னர், பெட்ரோல்: முதல் மூன்று எதிரிகள்.

ஜன்னல் துடைக்கும் நீல திரவம்: அமோனியா கலந்தது என்றால் ஸ்க்ரீன் பூச்சைக் கெடுக்கும்.

டூத் பேஸ்ட், விபூதி, பாத்திரம் தேய்க்கும் பவுடர்: 'பளபளன்னு ஆகும்' என்பார்கள். ஆகும்தான்! மேட் பூச்சு தேய்ந்து அந்த இடம் மட்டும் வழுக்கையாகப் பளபளக்கும். வழுக்கையில் திரும்ப முடி முளைக்காது.

மந்திர ஸ்பாஞ்ச் என்று வெள்ளையாக விற்கிறார்களே, அது: தொட்டால் பஞ்சு, குணத்தில் நைஸ் உப்புக் காகிதம்.

கொரோனா காலத்தில் மிஞ்சின ஜெல் சானிடைசர்: ஆல்கஹாலோடு கிளிசரின், வாசனை எல்லாம் சேர்ந்திருக்கும். பிசுபிசு.

டிஷ்யூ பேப்பர்: முகத்துக்கு மெது. ஆனால் மர நார், மேட் பூச்சுக்கு முரடு.

மேலே சொன்ன எதைத் தொடங்குவதற்கு முன்னும் மவுஸை நகர்த்திப் பாருங்கள், வேறு பக்கத்தைத் திறந்து பாருங்கள். புள்ளி சேர்ந்து நகர்ந்தால் அது பெயிண்ட் இல்லை ஸார், ஃபைலில் இருக்கிற ஃபுல் ஸ்டாப்!

இத்தனையையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை, இரண்டை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது ஓடுங்கள். ஈரத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் எமல்ஷன் ஒரு நிமிஷத்தில் போய்விடும். காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் உட்காருங்கள். மேலதிகாரி பத்து மணிக்குள் என்பார். 'பன்னிரண்டு ஆகும் ஸார், எதால துடைக்கணும்னு கேட்டுட்டுச் செய்யறேன்' என்று சொல்லுங்கள். நாலு மாச சர்வீஸாக இருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் தாமதமானால் ஒரு திட்டு கிடைக்கும். திட்டுக்கு 8,200 ரூபாய் பிடிக்க மாட்டார்கள்.

காய்ந்த பெயிண்ட் எங்கேயும் ஓடிப் போகாது. நமக்கென்ன அவசரம்?